ஒரு வகை மீன்

தடைக்காலத்தில் மே மாதம் முழுக்க
ஐஸ் அரைக்கும் மிஷின் வாய் மூடிக் கிடந்தது.
என் கணக்கு நோட்டில்
தேதிகள் மட்டும் வேலைக்கு வந்தன.
மண்டபம் நூலகத்தில் ஜெய்லானி சார்
ஒரு கட்டுப் புத்தகம் தள்ளினார்:
"எல்லாம் வெளிநாட்டுக் கதை.
யாரும் எடுக்கறதில்ல. தூசியாவது தட்டுங்க."

தட்டினேன்.

முதல் புத்தகம் ஆறு மாதம் விடியாத ஊரில்.
விதவை ஒருத்தி குளிர்காற்றில்
மரச்சட்டத்தில் எதையோ தொங்கவிடுகிறாள்,
ஒரு பிடி உப்புக்கூடப் போடாமல்.
மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார்:
'ஒரு வகை மீன்.'

ஐயா, ஒரு வகை மீனா?
சூடை, நகரை, காரல், ஊளி, முரல் என்று
பெயர் சொல்லி ஏலம் போகும் கரையில்
இதை நான் எந்தக் கூடையில் கொட்டுவேன்,
என்ன விலைக்கு எடை போடுவேன்?
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: சாவாளையா?
பிறகு அழித்தேன்.
கருவாட்டு வாடை மட்டும்
மொழிபெயர்க்காமலே வந்து சேர்ந்திருந்தது.

இரண்டாவது, தலையணைத் தடிமன்.
ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.
நாற்பது பக்கம் வரை மூன்று பேரென்று நம்பி
ஒருவனுக்காக மூன்று தடவை கவலைப்பட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது,
நம்ம வீட்டிலும் அப்படித்தானே:
கோயில் பதிவில் பிரிட்டோ,
படகில் கட்டையன்,
அக்கரைச் சிறையில் ஓர் எண்.
அந்தக் கடைசிப் பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை.
வக்கீல் காகிதத்தில் பார்த்தேன்.

இரவு ஒன்பதுக்கு மெர்சலின் வீட்டு டிவியில்
கொரியாக்காரி தமிழில் அழுவாள்.
உதடு மூடிய பிறகும் குரல் கொஞ்ச தூரம் போகும்,
இஞ்சினை நிறுத்தியும் படகு ஓடி வருவதுபோல.
பனி கொட்டும் தெருவில் அவன் "அடியே" என்றான்.
"அங்க யாருடா அடியேங்கறது" என்று
விழுந்து விழுந்து சிரித்தாள் மெர்சலின்.
சிரித்தவள்தான் பதினாறாம் பாகத்தில்
முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நானும்தான்.
கரண்ட் போனது.
இருட்டில் எட்டுப் பெண்கள்
எட்டு முடிவு சொன்னோம்.

மூன்றாவதை முடிக்கவில்லை.
ஒரு ரயில் நிலையம், மழை, அவ்வளவுதான் அதில்.
ஆனாலும் பிடித்திருந்தது. ஏனென்று கேட்காதீர்கள்.

கச்சான் விழுந்த ஒரு ராத்திரி
வெக்கை தாங்காமல் மாடியில் பாய் விரித்தோம்.
போனில் ரேடியோ தேடினேன்.
நம்ம பக்கத்து ஸ்டேஷன் கரகரத்தது,
அக்கரை துல்லியமாக வந்தது.
சிங்களப் பாட்டு. ஒரு பெண், ஒரு வயலின்,
மற்றபடி யாருமில்லை.
வார்த்தை புரியாததால்
முழுப் பாட்டும் எனக்கே என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.

"விளக்கை அணைக்காதேங்கறா,"
என்றார் பிரிட்டோ,
முதுகைக் காட்டிப் படுத்தபடி.

நான் அசையவில்லை.

"வர்றவனுக்கு வாசல் தெரியணுமாம்."
வயலின் தனியாகக் கொஞ்சம் போய்வந்தது.
"அறுப்பு முடிஞ்சிருச்சு. இன்னும் வரல."

நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்துவிட்டு
வீட்டுக்கு வந்து அவர் சொன்னது மொத்தம் ஒரு வரி:
'சோறு போட்டாங்க.'
இரண்டு வருடம் கழித்து இது.

"யார் சொல்லிக்கொடுத்தா?"
"பக்கத்துக் கொட்டடில ஒருத்தன்.
பாடிக்கிட்டே கெடப்பான். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு."

கடைசி அடியில் ஒரு சொல் இரண்டு முறை வந்தது.
அதுக்கு என்ன என்றேன்.
கலங்கரை வெளிச்சம் இரண்டு சுற்று வந்து போனது.
"அது ஒரு வகை..." என்றார்.
அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் எடை கேட்கவில்லை.

மறுநாள் திருப்பிக் கொடுக்குமுன்
முதல் புத்தகத்தின் உள்பக்கத்தைத் தேடினேன்.
விலைக்கும் கீழே, எறும்பு எழுத்தில்
மொழிபெயர்த்தவர் பெயர்.
விரலை வைத்துப் படித்தேன்.
ஓரத்தில் என் பென்சில் தடம்
அழித்தும் கொஞ்சம் தெரிந்தது.
அப்படியே விட்டேன்.

"எப்படி?" என்றார் ஜெய்லானி சார்.
"தூசி தட்டிட்டேன் சார்.
இன்னும் இருக்கா?"