நேரில் கண்டவர்

படிவத்தின் நாலாம் பக்கத்தில்
‘நேரில் கண்டவர்’ என்றொரு கட்டம்.
அதில் என் பெயரை ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.
பேனையை நீட்டிய கிராம சேவகர்
‘விடாமல் எழுது தம்பி, கொழும்பில வாசிப்பினம்’ என்றார்.

நான் கிணற்றின் அடியில் மயங்கிக் கிடந்தவன்.

நிலாவெளியில் வெங்காயம் வைத்தவர்களுக்குத் தெரியும்:
ஆவணியில் தண்ணீர் கீழே போகும்,
பின்னாலேயே பம்பும் போகும்.
பதினெட்டு முழத்தில் ஒரு கட்டு, அதில் இருத்தினேன்.
புகை மணத்தது. கொல்லுகிறது மணக்கவில்லை.
நான் கண்டது இவ்வளவுதான்.

மிச்சம் ஜவ்பர் நானா சொன்னது.
மூட்டை ஏற்றக் கிண்ணியாவிலிருந்து லொறி கொண்டுவந்தவர்
வரம்பில் கழற்றிய என் செருப்பைக் கண்டு
பம்புச் சத்தத்துக்கு மேலால் கூப்பாடு போட்டாராம்.
இறக்கக்கண்டிப் பக்கமிருந்து வந்த தண்ணீர் பவுசர் நின்றது.
ஆமிக்காரன் ஒருவன் குதித்தான்.
சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தானாம்,
அந்த நேரத்திலும்.
எதை மறந்தாலும் நானா அதை மறக்கமாட்டார்.

லான்ஸ் கோப்ரல் விதானகே.
என் இரண்டு கையையும் உயர்த்தி
அக்குளுக்குள் கயிற்றைக் கொடுத்து முடிந்தவன்.

அந்தச் சீருடைக்கு முன்னால்
நான் கை உயர்த்தியது அதற்கு முன்பும் உண்டு.
மூன்றாம் கட்டைச் சோதனைச்சாவடியில், பதினாறு வயதில்,
பஸ்ஸால் இறக்கி, வெயிலில்.
படிவம் அதைக் கேட்கவில்லை.
நானும் எழுதவில்லை. எழுதத்தான் வந்தது.

நான் மேலே வந்தேன். அவன் வரவில்லை.
பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற
மரியசீலன், சாம்பல்தீவு ஆள், நாட்கூலி,
மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.
‘பெடியன் கிடக்கிறான்’ என்றாராம்.
ஆமி என்று சொல்லவில்லை. பெடியன்.
அவர் இறங்கிய பிறகுதான் பம்ப் நின்றது.
அதை நிறுத்த வேண்டுமென்று
அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.
இருட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை நானாவுக்கு.
கயிறு இரண்டு தரம் அசைந்தது: இழு.
இழுத்தார்கள். விதானகே வந்தான்.
கயிறு மறுபடி இறங்கியது.
அது மறுபடி அசையவில்லை.

முகாமிலிருந்து போன படிவம் நேராகப் போனது.
ஏழாம் மாதம் விதானகேயின் நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள்.
குடிமக்களுக்கு வேறு படிவம், நீளமானது.
முதல்தரம் திரும்பி வந்தது:
அடையாள அட்டையில் மரியசீலன், மரணப் பத்திரத்தில் மரியசீலண்.
இரண்டாம் தரம்: ‘எதிரி முன்னிலையில் அல்லவெனின்,
ஆபத்தின் அளவைக் குறிப்பிடுக.’
முழத்தில் சொல்வதா, நிமிடத்தில் சொல்வதா?

சாட்சி இருவர் வேண்டுமாம்.
இரண்டாவது சாட்சி விதானகே.
லீவு போட்டு, சாதாரண சேட்டோடு வந்து
கச்சேரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தான்.
வெளியே மான் ஒன்று
சோற்றுப் பார்சல் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது.
‘மம தெக்கே நே’ என்றான், தரையைப் பார்த்து.
நானும்தான் காணவில்லை.

வாங்கின் மறுதொங்கலில் எமில்டா அக்கா.
பதக்கம் எவ்வளவு பாரம் என்று
அவனிடம் ஒருதரம் வாங்கிப் பார்த்தா;
உள்ளங்கையில் ஏற்றி இறக்கி,
வெங்காய விதை பார்க்கிற மாதிரி.
பிறகு எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்டா:
‘கடைசியா ஏதும் சொன்னவரோ?’

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது. அதுதான் வித்தியாசம்.

கட்டத்தில் எழுதினேன்:
கயிறு இரண்டு தரம் அசைந்தது.

‘இவ்வளவோ?’ என்றார் கிராம சேவகர்.
விதானகே வாசிக்கத் தெரியாத அந்த வரியைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதற்குக் கீழே சிங்களத்தில் கையொப்பமிட்டான்.