சாய்ந்த பெட்டி

கொழும்பு வேனில் வந்து இறங்கியது,
ஒரு சோற்றுப்பார்சல் அளவு.
பங்களா முன்புல்லில் முளை அடித்து
அதன் தலையில் திருகிவிட்டால் போதுமாம்,
நாலு சுவரும் இரண்டு புகைக்கூண்டும்
நட்சத்திரமாகிவிடுமாம்.
"வயர் இல்ல, பல்பு இல்ல, ஏணி இல்ல" என்றார்
மனேஜர் ருவந்த, என் முகத்தையே பார்த்துக்கொண்டு.
அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

அழவில்லை.
பத்து டிசம்பர் அந்தக் கூரையில் ஏறியிருக்கிறேன்,
பாசி பிடித்த தகரத்தில்,
டேப்பை வாயில் கடித்துக்கொண்டு.
ஒன்று செத்தால் நூறும் சாகும் சீரியல் பல்பு;
செத்தது எதுவென்று நூறையும் திருகிப் பார்க்கவேண்டும்.
எலி கடித்த வயர்
ஈரத்தில் என்னைக் கடித்தது இரண்டு முறை.
இடது சுண்டுவிரல்
பனி இறங்கினால் இன்னும் தனியாக நடுங்கும்.
போகட்டும் வயர்.

முதல் ராத்திரி சுவிட்சைப் போட்டேன்.
சுவரில் ஒன்றுமில்லை.
ஹப்புத்தளையில் ஆறு மணிக்குமேல்
சுவர் எங்கே இருக்கிறது?
பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி
வழியிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
பெட்டி வாயிலிருந்து பச்சை நூல்கள்
விறைத்துப் புறப்பட்டு
எதையும் தைக்காமல் காற்றில் நின்றன.
கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒன்பது புள்ளி.
சூடுமில்லை, ஈரமுமில்லை.
ஒரு ஜேர்மன்காரி படம் பிடித்தாள்.
மனேஜர் மட்டும் முனகினார்,
"நான் காசு கட்டினது செவுத்துக்கு, பனிக்கு இல்ல."

மூன்றாம் ராத்திரி வானம் வெளித்தது.
பதினொரு மணிக்கு யோகராணி போன் எடுத்தாள்.
"நம்ம செவுத்துல பச்சப் பச்சயா என்னமோ ஊருது.
பூச்சியான்னு தட்டிப் பாத்தேன், போகல.
லயமே எந்திரிச்சு வெளிய நிக்குது."

ஓடினேன்.
மண்புழுவுக்குப் புல்லைக் கிண்டிய காட்டுப்பன்றி
முளையையும் சேர்த்துத் தள்ளியிருந்தது.
பெட்டி பங்களாவுக்கு முதுகைக் காட்டி,
கவ்வாத்து வெட்டிய மலைக்கு மேலாக,
மறிக்க ஒரு செடியும் இல்லாமல்,
நேரே பணிய லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு காம்பரா, ஒரே மீட்டர்.
யார் இஸ்திரி போட்டது, யார் ஹீட்டர் வைத்ததென்று
மாதக் கடைசியில் சண்டை.
ஒன்பது மணிக்கு எல்லா வீடும் இருட்டைப் போர்த்திக்கொள்ளும்.
இந்தப் புல்லில் நின்று எத்தனை ராத்திரி
தண்ணீர்த் தொட்டியிலிருந்து இருட்டை எண்ணியிருக்கிறேன்:
ஒன்று, இரண்டு, ஏழாவது இருட்டு என் வீடு.

இப்போது தெரிந்தது.
கூரை காற்றில் பறக்காமலிருக்க வைத்த கற்கள்,
தகரத்தின் நெளிவு,
வயிறு தள்ளிய சுவர்.
பங்களாவில் புள்ளிகள் பெரட்டு மாதிரி வரிசையாக நிற்கும்;
எங்கள் சுவரில்
நின்றன, நழுவின, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

போனைப் பிடுங்கிக்கொண்டாள் மகள் டிலுக்ஷி.
"அப்பா, வெடிப்பு வழியா ஒன்னு உள்ள வந்திருச்சு.
கலண்டர்ல நிக்குது. பதினேழாந் தேதியில."

பெட்டியின் மஞ்சள் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது.
நேரா பாக்காதீங்க, கண்ணுக்கு ஆகாது,
எல்லாப் பிள்ளையையும் செவுத்துப் பக்கம்
திருப்பி நிறுத்துங்க என்று கத்தினேன்.
திரும்பினார்கள், பெரியவர்களும்.
பங்களாவுக்கு முதுகைக் காட்டி
நாற்பது ஐம்பது பேர்
தங்கள் சுவரைத் தாங்களே பார்த்துக்கொண்டு,
கம்பளிகளின்மேல் பச்சைப் பச்சையாய்.

ஸ்குரூ டிரைவர் கையில்தான் இருந்தது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
மனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடிந்ததும் பன்றிக் குழியை மூடினேன்.
முளையை இன்னும் ஆழமாக அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
மழை மாதம்.
மண் இளகித்தான் இருந்தது.