சிரிப்புக்குக் கட்டமில்லை

படிவத்தின் நான்காம் கேள்வி:
எதிர்ப்புத் தெரிவித்தீர்களா?
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
சிரித்தாள் சுனிசா.

பதினான்கு மாதமாக
அவள் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

வடக்கு நார்வே. நவம்பர் கடைசியில்
சூரியனும் விடுப்பில் போய்விடும்.
காட் மீனுக்கு முள் எடுக்கும் வரிசையில்
அவள் பதினோராம் மேசை, நான் பன்னிரண்டு.
ஹல்வார் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.
"பதினொன்று, தூக்கமா?"
அவள் கையுறையை ஐஸ் பெட்டிக்குள் எறிவான்.
ஒருநாள் அவள் சோற்று டப்பாவைத் திறந்து
முகர்ந்து, வரிசை முழுக்கக் காட்டினான்.
முழங்கை வரை செதிலோடு நின்றுகொண்டு
அவள் மீன் நாறுகிறது என்றான்.
சிலர் சிரித்தார்கள். அவளும்.
அவன் கணக்கில் வைத்தது
அவள் சிரிப்பை மட்டும்.

"முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே?"
என்றாள் டோருன், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
அவளுக்குச் சொல்வதும் தடவுவதும் ஒன்று.
அவள் அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர்.
அவள் வீடு இதே தெருவில்.
சுனிசா இந்த நாட்டில் இருப்பதே
இந்த வேலையில் தொங்குகிறது.

நானா? நான் லிதுவேனியாக்காரி.
எங்கள் வீட்டில் மேலதிகாரியைப் பற்றி
சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார்கள்,
தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில்.
மென்று விழுங்கிப் பழகிய வாய் என்னுடையது.
டப்பா திறந்த அன்று
நான் கத்தியைத் தீட்டினேன்.
தீட்டிய கத்தியையே திரும்பத் திரும்பத் தீட்டினேன்.
அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
"பதினொன்று" என்றான்.
நிமிர்ந்து பார்த்தாள்.
சிரிக்கவில்லை.

அரை நிமிடம் இருக்கும்.
பெல்ட்டில் மீன் போய்க்கொண்டிருந்தது, முள்ளோடு.
"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் ஹல்வார்,
அவன் குரல் அவ்வளவு தாழும் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் ஊரில் அது தட்டை உடைப்பதற்குச் சமம்,
பிறகு சொன்னாள் சுனிசா,
வரம்பு மீறிவிட்டவள்போல் கூசி.

ஓஸ்லோவிலிருந்து வந்த அதிகாரி நல்ல பெண்.
அவசரப்படுத்தவில்லை.
தெரியாமல் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள்.
நான்கைக் காலியாக விட்டு
ஐந்துக்குப் போனாள்:
நேரில் பார்த்தவர் உண்டா?

சுனிசா என்னைப் பார்க்கவில்லை.
அது அவள் மரியாதை.

அறை மூலையில் கைகழுவும் தொட்டி.
எழுந்துபோய்
குழாயைத் திறந்துவிட்டு
சொல்லத் தொடங்குகிறேன்.