எண்பத்து இரண்டு ஹெர்ட்ஸ்

லெம்விக்கில் காற்று ஃபியோர்டிலிருந்து ஏறி வரும்.
எங்கள் எதிரொலியற்ற அறைக்குள் வராது.
அங்கே எதுவும் வராது.
சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள், தரைக்குப் பதில் கம்பிவலை,
நடுவே ஒலிபெருக்கி
விசாரணைக்கு அழைத்து வந்தவனைப்போல் நிற்கும்.
ஒரு மீட்டர் தள்ளி மைக்கை நிறுத்திக் கதவைச் சாத்துவேன்.
இருபதில் தொடங்கி இருபதாயிரம் வரை
ஒரே மூச்சில் ஒரு சீழ்க்கை.
திரையில் கோடு.
கோடு நேராக வந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

பதினோரு வருடம் அதைத்தான் நம்பினேன்.
கோடு யாரையும் காக்காய் பிடிக்காது.

ரெக்னார் தோஸ்ட்ரூப் கோட்டைப் பார்ப்பதே இல்லை.
மாடியில் அவருக்கு ஓர் அறை:
நடு அமுங்கிய சோபா, கம்பளம், தண்ணீரைப் பார்த்த ஜன்னல்.
அவர் தலையசைத்தால்தான் பெட்டி கப்பலேறும்.
பாம்புச் செவி என்றார்கள்.
பாம்புக்கு வெளிக்காது இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அக்டோபரில் எல்லோருக்கும் செவிச்சோதனை.
அவருடைய காகிதம் தவறிப்போய் என் மேசைக்கு வந்தது,
கோடு படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம்.
நாலாயிரத்துக்கு மேல்
கயிறறுந்து கிணற்றில் விழுந்த வாளி.
மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.
வாய் திறக்கவில்லை.
திறக்காமலிருந்ததில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரியில் புது மாடல். என் கோடு இஸ்திரி போட்டதுபோல்.
ரெக்னார் ஒரு செல்லோவை இரண்டு முறை கேட்டார்.
"இடது பக்கம் எவனோ நாற்காலியை இழுக்கிறான்."
"யாரும் இழுக்கவில்லை."
"கீழே, எண்பது பக்கத்தில். போ சிட்செல், அளந்து பார்."
அளந்தேன். சுத்தம்.
பெட்டியைப் பிரித்து, ஒட்டி, மறுபடி அளந்தேன். சுத்தம்.
மூன்றாம் நாள்
அந்தக் காகிதம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போதுதான் ஏபே பல்பு மாற்ற ஏணியோடு வந்தான்.
செல்லோ இறங்கியது.
ஏணியில் நின்றபடியே, போகிறபோக்கில்,
ஜன்னலின் மேல் கண்ணாடியில் விரலை வைத்தான்.
நாற்காலி நின்றது.

சட்டத்தில் பட்டி காய்ந்து உதிர்ந்திருந்தது.
எண்பத்து இரண்டு ஹெர்ட்ஸுக்கு மட்டும்
அந்தக் கண்ணாடி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
என் அறையில் ஜன்னல் கிடையாது.
என் அறையில் யாரும் குடியிருப்பதும் கிடையாது.

இங்கே நிறுத்தியிருந்தால் இது
ரெக்னாருக்கு ஒரு வாழ்த்துப்பா.

அடுத்த செவ்வாய், இரண்டு மின்தேக்கிகள்.
ஒன்றைவிட மற்றொன்று ஒன்பது மடங்கு விலை.
கறுப்புத் துணிக்குப் பின்னால் நான், கையில் சுவிட்ச்.
"இப்போது?"
"திரை விலகுகிறது. வில்லின் மயிர் தெரிகிறது."
"இப்போது?"
"மூடிக்கொண்டது."
பதினாறு முறை. ஒரு முறைகூட அவர் தயங்கவில்லை.

துணியைச் சுருட்டும்போது பார்த்தேன்.
சுவிட்சின் முதுகில் ஒரு வயர் கழன்று கிடந்தது,
எப்போதிலிருந்தோ.
பதினாறு முறையும் பாடியது மலிவானதுதான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை.
ஏபே நம்பவில்லை. "அவருக்கே காது குத்திவிட்டாய்" என்றான்.
ஆனால் நான் சொல்லாமல் விட்டது வேறு:
எனக்கும் விலகியது.
ஒவ்வொரு முறை சுவிட்சைத் தட்டும்போதும்
எனக்கும் வில்லின் மயிர் தெரிந்தது.

வயரை ரெக்னாரிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
அந்தச் செம்பு நுனியையே பார்த்தார்.
"நாலாயிரத்துக்கு மேல் போய்விட்டது, தெரியுமா உனக்கு?"
"தெரியும்."
"எவ்வளவு நாளாக?"
"அக்டோபர்."
"எனக்கு ஆறு வருடமாக" என்றார்,
காபிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

ஜன்னலுக்குப் புதுப் பட்டி பூசியாயிற்று.
பெட்டிகள் போன வாரம் கப்பலேறின,
மலிவான மின்தேக்கியோடு, அவர் கையெழுத்தும் என் கோடுமாக.
ஆனாலும் செல்லோ அந்த இடத்துக்கு இறங்கும்போதெல்லாம்
நாங்கள் இருவரும்
ஜன்னலைப் பார்க்கிறோம்.