மூன்று கிலோ

ஆண்டவரே,
இன்று மண்ணெண்ணெயைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அந்த இரவு என் வாசலில் ஐந்து பையன்கள்.
மஞ்சள் கேனைக் கீழே வைத்தபோது
உள்ளே அது அலம்பியது கேட்டது.
என் பலுக்குவுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது,
தராசு ஏன் பொய் சொல்கிறது என்று கேட்டதற்கு.
"கிடங்கில் முந்நூறு மூட்டை காப்பி, அம்மா.
ருவென்சோரியிலிருந்து காற்றும் இறங்குகிறது.
நீங்கள் சரி என்றால் போதும்."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன்.
அது உமக்குத் தெரியும்.
அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதும்.

சொல்லவில்லை. ஏனென்று
இன்னும் எனக்கே தெளிவில்லை.
மாசெரேக்காவின் காவல்காரன் கிடங்குக்குள்தான் தூங்குவான்,
அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது;
அது ஒரு காரணம்.
நெருப்பை உம் கையில் விட்டிருக்கிறேன் என்று
இருபது வருஷமாய் முழங்காலில் நின்று சொன்னவள்
தீப்பெட்டியை எடுத்து நீட்டினால்
அந்த முழங்காலுக்கு என்ன மரியாதை?

கேனை வாங்கி உள்ளே வைத்தேன்.
விளக்குக்கு ஆகும் என்றேன்.

ஆனால், உம்மிடம் விட்டுவிடுவதும்
அவனுக்கு விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்லவே.
பொறுத்திருங்கள், கடைசி நாளில் எல்லாம் நேராகும்
என்கிறார் பாதிரியார்.
கடைசி நாள் என்றைக்கென்று எனக்குத் தெரியாது.
சந்தை நாள் வியாழக்கிழமை.

வியாழன் காலை
சின்னவன் முஹிந்தோவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.
நர்ஸ் நிறுத்து அட்டையில் எழுதினாள்:
பதினைந்து கிலோ.
நேரே சந்தைக்கு இறங்கினேன்.
வழியில் அவனை ஒன்றுக்குக்கூட விடவில்லை.
மூட்டைகளுக்கு நடுவே வரிசையில் நின்று
என் முறை வந்ததும்
பிள்ளையைத் தராசில் ஏற்றினேன்.

முள் பன்னிரண்டில் நின்றது.

"என் மகனின் மூன்று கிலோ எங்கே?"
கத்தவில்லை. சாதாரணமாய்த்தான் கேட்டேன்.
முஹிந்தோ குனிந்து தன் காலடியைப் பார்த்தான்,
எங்கேயாவது விழுந்துவிட்டதோ என்று.

அடுத்த வியாழன் பதினொரு பெண்கள்,
பதினொரு பிள்ளைகள், பதினொரு அட்டைகள்.
கசேசேயிலிருந்து வந்த போலீஸ்காரர்
எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்,
மாசெரேக்கா கொடுத்த சோடாவைக் குடித்தார்,
அடுத்த மாதம் வரச் சொன்னார்.
போவோம். பிள்ளைகளின் எடை கூடியிருக்கும்,
புது அட்டை வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சமாதானம் சொல்லும் வேளையில்
மாசெரேக்கா கை நீட்டினான்.
கொடுத்தேன்.
பிறகு என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.
சிரிக்காதேயும்.

இன்னொன்று. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாதது.
போன அறுவடையில்
மூட்டையின் அடியில் பச்சைக் காய் போட்டு
மேலே சிவந்த பழம் பரப்பினவள் நான்.
ஆகவே, அவனை நிறுத்தும் என்று கேட்கும்போதெல்லாம்
என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.
இறங்கினாலும் கேட்கிறேன்.
அவனை நிறுத்தும். என்னையும்.
உம் முள் எதில் நிற்குமென்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

உள்ளே பலுக்கு
புரண்டு படுக்கும்போது முனகுகிறான்.
கேன் அந்த மூலையில் அப்படியே இருக்கிறது.
மூடி இறுக்கமாய்த்தான் இருக்கிறது,
ஒவ்வொரு ராத்திரியும் தொட்டுப் பார்க்கிறேன்.