காலணிக்குக் கட்டம் இல்லை

லியெபாயா. டிசம்பர். நாலு மணிக்கே இருட்டு.
கடல்காற்று டிராம் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பொதிகளைப் புதுப்பித்துவிட்டு
மறுதொடக்கம் செய் என்றது லினக்ஸ்.
செய்தேன்.
உலாவிக்கு வாய் அடைத்துப்போயிற்று.

நீதிமன்றத்துக்குத் தட்டச்சு செய்து பிழைப்பவன் நான்.
பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும்,
இருமியிருந்தால் இருமலையும்.
பதிவுகள் உலாவியில் மட்டுமே திறக்கும்,
இறக்கி வைத்துக்கொள்ள அனுமதியில்லை.
காலை ஒன்பதுக்குக் கெடு.

வழக்கு என்னவென்றால்
சத்தம்.
சிரிக்காதீர்கள்.
மூன்றாம் மாடி ஆஸ்ட்ரிதா ஸ்கூயா
இரவில் அக்கார்டியன் வாசிக்கிறார் என்று
இரண்டாம் மாடி வோல்டெமார்ஸ் ப்ரூவெரிஸ் தொடுத்தது.

பிளேயரில் ஒரு பாட்டைப் போட்டேன்,
ஹெட்போன் ஒழுங்காகப் பாடியது.
உலாவிக்கு வந்தால்
நீதிபதி தொட்டி மீன்போல
வாயைத் திறந்து மூடுகிறார்.
மியூட் இல்லை. ஒலியளவு நூறு.
செருகியைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்
(ஊதினால் சரியாகும் என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை, தெரியும்).
டெர்மினலில் ஒலிச் சேவையைத் தட்டி எழுப்பினேன்.
இயங்குகிறேன் என்றது.
இயங்குகிறதாம்.

வென்ட்ஸ்பில்ஸில் இருக்கும் ஆர்விட்ஸைக் கூப்பிட்டேன்.
"பழைய பல்ஸ்ஆடியோவைக் கிளப்பிவிட்டு
பைப்வயரை உட்கார வைத்திருப்பார்கள்.
மிக்சரைத் திற. பச்சைப் பட்டை ஆடுகிறதா?"
ஆடுகிறது.
"அப்போ சத்தம் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது."
பின்னால் அவன் குழந்தை வீறிட்டது.
வைத்துவிட்டான்.

பட்டை ஆட வேண்டுமே என்று
பதிவை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழு வருடமாக இந்த வேலை.
ஒரு விசாரணையைக் கண்ணால் பார்த்தது
அன்றுதான்.
கேட்கும்போது நான் விசைகளைத்தான் பார்ப்பேன்.

குமாஸ்தா ஒரு போனை மைக்கருகே வைக்கிறாள்.
எல்லோரும் தலை சாய்க்கிறார்கள்.
ஆஸ்ட்ரிதா தன் விரல்களைக் கைப்பைக்குள் ஒளிக்கிறார்.
மூலையில் இருந்த கேமராவுக்கு
மேசைக்கு அடியும் தெரிகிறது.
ப்ரூவெரிஸின் வலது காலணி,
பழுப்பு, புதிதாகச் சோல் அடித்தது.
அதன் நுனி எழுகிறது, விழுகிறது.
எழுகிறது.

நடுநிசி தாண்டி
மிக்சரின் இரண்டாவது தாவலில் கண்டுபிடித்தேன்,
நகக்கண் அளவு ஒரு கீழ்ப்பட்டியல்.
உலாவியின் ஒலியை மட்டும்
ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே
மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது புது ஏற்பாடு.
மூடிப்போன வங்கிக் கிளையின் ஏலத்தில்
பதினைந்து யூரோவுக்கு எடுத்த மானிட்டர்.
அதற்கு ஸ்பீக்கரே கிடையாது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே காது என்பதே இல்லை,
சங்கு மட்டும் ஓயவில்லை.
நீதிபதி, சாட்சி, இரண்டு வக்கீல்,
யாரோ நாற்காலியை இழுத்த கிறீச்
எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்
சொட்டு மிச்சமின்றிக் கொட்டப்பட்டிருந்தன.

ஒரு சொடுக்கு.

"...வதை, கனம் நீதிபதி அவர்களே. சித்திரவதை."
ப்ரூவெரிஸ். சொல்லின் பாதியில் பிறந்த குரல்,
நான் நினைத்ததைவிட மெல்லியது.
ஐந்து வருடம். தூக்கமில்லை. மாத்திரைச் சீட்டு இணைப்பில்.
எழுதினேன்.

பிறகு பின்னோக்கி இழுத்து
அந்த நாற்பத்தொரு விநாடியைக் கேட்டேன்.
வால்ஸ் மெட்டு. மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று.
ஒவ்வொரு ஒன்றிலும் காலணி.
ஓரிடத்தில் ஆஸ்ட்ரிதா சுருதி தவறித் தடுமாற
காலணி அந்தரத்தில் நின்றது,
அவர் மறுபடி பிடிக்கும்வரை.

படிவத்தில் கட்டங்கள் உண்டு.
பேசுபவர். நேரம். சொற்கள். தெளிவில்லை.
காட்சிப்பொருள் ஒலிக்கப்பட்டது என்று எழுதினேன்.
சுட்டி கொஞ்ச நேரம்
அதே வரியில் மினுங்கிக்கொண்டிருந்தது.
அடுத்த வரிக்குப் போனேன்.

மூன்றரைக்கு அனுப்பி முடித்தபோது
திரையோரத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது:
இன்னும் ஏழு பொதிகள் காத்திருக்கின்றன.
பிறகு, என்று அழுத்தினேன்.