இரண்டில் ஒரு மைதானம்

தலைவரிடம் மிச்சமிருப்பது
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்று.
மடைப்பாளையமா, கரட்டுப்புதூரா,
இரவு பத்துக்குள் சொல்லியாக வேண்டும்.
சொல்ல வேண்டியவள் நான்.

திருப்பூரில், பனியன் கம்பெனி காலி செய்துபோன மாடி.
கட்டிங் டேபிள் மேல் நாலாயிரத்து நூறு தாள்.
பஞ்சுத்தூசி இன்னும் போகவில்லை,
தும்மித் தும்மி எண்ணுகிறேன்.
கீழே பழைய பேப்பர் கடைக்காரர்
நேற்றே விலை சொல்லிவிட்டார்:
எலெக்‌ஷன் முடிஞ்சா கிலோ பதினாலு.

போன தடவை மடைப்பாளையத்தில் தோற்றது
முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
கரட்டுப்புதூரில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள்
முதலாவதைத்தான் கேட்பார்கள்.
மாவட்டம் சென்னியப்பனும் அதைத்தான் கேட்கிறார்.
அங்கே நிற்பது அவர் மச்சான் என்பதற்கு
என் தாளில் கட்டம் இல்லை.

மடைப்பாளையத்துக்கு வாய்க்கால் உண்டு.
தண்ணி வந்துச்சுங்களா என்ற கேள்விக்கு
கடைமடையில் ஒருவர் சொல்லியிருக்கிறார்:
"வந்துச்சுங்க.
எங்க காட்டுக்கு வாரதுக்கு மிந்தி
நின்னுபோச்சுங்க."
இவர் நமக்கா, அவர்களுக்கா?
கரட்டுப்புதூரில் ஆயிரத்து இருநூறு அடி இறக்கி
புழுதி மட்டும் பார்த்தவர்,
"நல்லா இருக்கறமுங்க" என்கிறார்.

நிச்சயம். ஒருவேளை. இல்லை. தெரியாது.
சென்னையில் அச்சடித்த நான்கு கட்டம்.
"பாத்துக்கலாமுங்க" என்பதை
எதில் போடுவது?
கடலூர்ப் பக்கத்துப் பையன் யுவபாரதி
எல்லாவற்றையும் "நிச்சய"த்தில் போட்டு வைத்திருந்தான்.
எவ்வளவு மரியாதையா சொன்னாங்க அக்கா,
மோர் வேற குடுத்தாங்க.

மோர் கொடுத்தால் முடிந்தது தம்பி.
எங்கப்பா சீட்டுக்காரரிடம்
மூன்று வருஷம் இதையேதான் சொன்னார்,
ஒருநாளும் பொய் சொன்னதாக
அவர் நினைத்ததில்லை.

பென்சிலால் ஐந்தாவது கட்டம் போட்டேன்.
மடைப்பாளையத்தில் அறுநூற்றுப் பதினொன்று
அதற்குள் போய் உட்கார்ந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு
எங்கேயோ அடியில் போய்விட்டது.

கரட்டுப்புதூர்க் கட்டைப் பிரித்தபோது
காலனித் தாள்கள் நூற்று அறுபது.
அத்தனையிலும் ஒரே பேனா,
ஒரே சாய்வு,
ஒன்றில் டீ டம்ளரின் வட்டம்.
எழுதியவன் மெயின்ரோட்டைத் தாண்டவில்லை.
கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே
நூற்று அறுபது பேரின் மனசும்
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு நம்பர் மட்டும் உண்மை.
எடுத்தவர் பெயர் செல்லக்கிளி,
மில் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார்.
"அஞ்சு வருசத்துல மொதோ ஆளு நீங்கதான்.
அதுவும் போன்லயா?"
தலைவர் வந்தால், என்று ஆரம்பித்தேன்.
"மைதானத்துக்கு எங்க வழியாத்தான் காரு வரோணும்.
ரோடு போடுவாங்களா?"
என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.
"போடறதுன்னா மழைக்கு மிந்தி போடச் சொல்லுங்க"
என்று சிரித்தார்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.

என் ஓட்டு இருக்கும் தொகுதிக்கு
எந்தக் கட்சியும் தாள் அனுப்புவதில்லை.
முடிந்துபோன கணக்கு அது.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
சாயத் தெரிந்த ஊர்களுக்குத்தான்
இவ்வளவு விசாரிப்பு.

ஒன்பது ஐம்பத்தாறு.
கரட்டுப்புதூர் என்று அனுப்பினேன்.
காரணம் என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள்;
"யாரும் இன்னும் போகவில்லை" என்று எழுதினேன்.
ஜெயிப்போம் என்று எழுதவில்லை.

நீல டிக் இரண்டும் விழுந்து
பத்து நிமிஷம் கழித்து
மாவட்டத்திடமிருந்து பதில்:
பாத்துக்கலாமுங்க.

மேலே ஃபேன் சுற்றுகிறது,
ஐந்தாம் கட்டத்தில் இடமில்லை,
பென்சிலைத் தேடுகிறேன்.